மகுடமா, சிங்கமா? பழைய விமானப்படைச் சின்னங்களின் வயதை அறியும் வழி

“மின்னுவதெல்லாம் பொன்னல்ல” என்பது நாம் சிறு வகுப்பிலிருந்தே கேட்டுவரும் பழமொழி. கட்டுரைப் போட்டிகளில் நாங்களும் அதைப் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்கு உண்மையிலேயே விளங்கியது, மண்டகப்பட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்த அன்றுதான்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி நடத்த முடிவாயிற்று. ஒவ்வொரு குழுவும் தம் ஊரிலிருந்து பழம்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் காலத்தை ஓர் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். எங்கள் குழுவில் மூவர். எங்களில் ஒருத்தியின் ஊர் செஞ்சியை அடுத்த மண்டகப்பட்டு. அவளுடைய ஆயாவின் தகப்பனார் விமானப்படையில் வேலை பார்த்தவர். “பர்மாச் சண்டையில் எங்கப்பா தொப்பியில் குத்தியிருந்தது” என்று ஆயா பெருமையோடு காட்டும் சின்னம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. அதையே வைப்பது என்று தீர்மானித்து, ஒரு சனிக்கிழமை பேருந்தேறி மண்டகப்பட்டுக்குப் போனோம்.

டப்பாவில் ஒன்றல்ல, மூன்று சின்னங்கள் இருந்தன. முதலாவது, தங்கம்போல் பளபளக்கும் இரண்டு சிறகுகள், நடுவே ‘ஆர்.எப்.சி.’ என்ற ஆங்கில எழுத்துகள், மேலே ஒரு மகுடம். இதைத் தோழியின் மாமா, “முதல் உலகப் போர்க் காலத்தது” என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கி, ஆயாவுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். இரண்டாவது, ஆயா காட்டும் பித்தளைச் சின்னம். அதன் உச்சியில் அசோகச் சிங்கங்கள். மூன்றாவது, டப்பாவின் அடியில் கறுத்துப்போய், பின்புறக் காது ஒன்று உடைந்து கிடந்த சின்னம். அதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

வரலாற்று ஆசிரியை சிஸ்டரிடம் மூன்றையும் காட்டினோம். அவர், “அட்டையில் ஆண்டை எழுதுமுன், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதை என்னிடம் சொல்லுங்கள்” என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நாங்கள் கற்றதையே இங்குத் தோழியருக்கும் பெற்றோருக்கும் கூற விரும்புகிறோம்.

கல் சொன்ன பாடம்

முதல் பாடம் மண்டகப்பட்டிலேயே கிடைத்தது. அங்குள்ள பாறையைக் குடைந்த கோயிலை நம்மில் பலர் பார்த்திருப்போம். இருபுறமும் வாயிற்காவலர் நிற்க, தூணில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எதுவுமின்றி, பிரமன், சிவன், திருமால் ஆகியோருக்கு விசித்திரசித்தன் என்னும் அரசன் எடுப்பித்தது என்று அது கூறுகிறது.

அந்தக் கல்வெட்டில் ஆண்டு ஏதும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் அது ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்கின்றனர் அறிஞர். விசித்திரசித்தன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். மன்னன் யார் என்பது தெரிந்தால், அவன் ஆண்ட காலத்திற்குள் கோயிலின் காலமும் அடங்கிவிடுகிறது.

படைச் சின்னங்களும் இப்படித்தான். பெரும்பாலானவற்றில் ஆண்டு இராது. ஆனால் யாருடைய மகுடம், எந்தப் படையின் எழுத்து என்பவை இருக்கும். அந்த மகுடமும் எழுத்தும் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிந்தன என்று அறிந்தால், சின்னத்தின் காலத்திற்கு இரு கரைகள் கிடைத்துவிடும்.

சிறகு முளைத்த கதை

பிரிட்டனில் ‘ராயல் பிளையிங் கோர்’ என்னும் வானூர்திப் பிரிவு 1912 ஏப்ரல் 13-இல் தோன்றியது. அதன் ஆங்கிலச் சுருக்கமே ‘ஆர்.எப்.சி.’. விமானிகள் மார்பில் அணியும் சிறகுச் சின்னம் அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. உழவாரன் பறவையின் சிறகை முன்மாதிரியாகக் கொண்டு அதை அமைத்தார்களாம். நம் ஊர்ப் பனைமரங்களைச் சுற்றி மாலையில் கீச்சிட்டுப் பறக்கிறதே, அந்த இனந்தான்!

1918 ஏப்ரல் 1-இல் இந்தப் பிரிவும் கடற்படையின் வானூர்திப் பிரிவும் ஒன்றாகி ‘ராயல் ஏர் போர்ஸ்’ ஆயின. எழுத்து ‘ஆர்.ஏ.எப்.’ என்று மாறியது. கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் 1917-இல் பழைய படையில் சேர்ந்து, புதிய படையின் விமானியாக 1918 ஜூலை 22-இல் வீரமரணம் எய்தினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதே. அவருடைய குறுகிய பணிக்காலத்திற்குள்ளேயே படையின் எழுத்து மாறிவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-இல் நிறுவப்பட்டது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியின் டிரிக் ரோடில் முதல் பறக்கும் பிரிவு அமைந்தபோது இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள்; ஆறு அதிகாரிகள்; ‘ஹவாய் சிப்பாய்’ எனப்பட்ட பத்தொன்பது வீரர்கள். இரண்டாம் உலகப் போரில் இப்படை பர்மா முனையில் ஆற்றிய பணிக்காக 1945 மார்ச்சில் ‘ராயல்’ என்ற அடைமொழி தரப்பட்டது. 1950 ஜனவரி 26-இல் நாம் குடியரசானபோது அது நீக்கப்பட்டது. மகுடம் இறங்கிய இடத்தில் அசோகச் சிங்கம் ஏறியது.

இதில் எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்று உண்டு. 1947 ஆகஸ்ட் 15-இல் விடுதலை பெற்ற பின்னும், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலம் நம் விமானப்படையினரின் தொப்பியில் பிரிட்டிஷ் மன்னரின் மகுடமே இருந்தது! ஆகவே, மகுடம் இருப்பதால் மட்டும் ஒரு சின்னத்தை ‘வெள்ளைக்காரன் காலத்தது’ என்று சொல்லிவிட முடியாது.

மகுடத்தைப் பாருங்கள்

மகுடத்திலும் இரு வகை உண்டு. 1902 முதல் பிரிட்டிஷ் மன்னர்கள் காலத்துச் சின்னங்களில் உள்ள மகுடத்தின் வளைவுகள் குடை விரித்ததுபோல் வட்டமாக உயர்ந்து நிற்கும். சேகரிப்போர் இதை ‘ராஜா மகுடம்’ என்பர். 1952-இல் இரண்டாம் எலிசபெத் அரசியான பிறகு வந்த சின்னங்களிலோ வளைவுகள் நடுவில் சற்றுப் பள்ளமாக இறங்கி, இருபுறமும் தோள்போல் புடைத்திருக்கும். இது ‘ராணி மகுடம்’.

பூதக்கண்ணாடியை வைத்து மாமா வாங்கிய சிறகைப் பார்த்தோம். மகுடத்தின் நடுவில் தெளிவாகப் பள்ளம்! ‘ஆர்.எப்.சி.’ என்ற எழுத்து 1918-இல் முடிந்துவிட்டது. ராணி மகுடமோ 1952-க்குப் பின் வந்தது. இரண்டும் ஒரே சின்னத்தில் சேர வழியே இல்லை. மூவாயிரம் ரூபாய்ச் சிறகின் குட்டு அந்த நொடியில் வெளிப்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 2022-இல் மூன்றாம் சார்லஸ் மன்னரான பிறகு, பிரிட்டனில் மீண்டும் வட்டமாக உயர்ந்த மகுட வடிவமே தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே ராஜா மகுடம் உள்ள புத்தம்புதிய சின்னங்களும் இனி வரும். மகுடம் மட்டும் சாட்சியாகப் போதாது.

எழுத்தைப் படியுங்கள்

அடுத்து மூன்றாவது சின்னம். கறுப்பேறிய பரப்பில் சாய்வாக ஒளி படும்படி டார்ச் அடித்தோம். வட்டமான ராஜா மகுடமும், அதன் கீழ் ‘ஆர்.ஐ.ஏ.எப்.’ என்ற நான்கு எழுத்துகளும் தெரிந்தன. ராயல் இந்தியன் ஏர் போர்ஸ்! அப்படியானால் இந்தச் சின்னம் 1945 மார்ச்சுக்கு முந்தியதாக இருக்க முடியாது; 1950 ஜனவரிக்குப் பிறகு அணிந்ததாகவும் இருக்க முடியாது. ஐந்தே ஆண்டு இடைவெளிக்குள் அது வந்து நின்றது. யாரும் மதியாமல் கிடந்த சின்னமே மூன்றிலும் மூத்தது!

அண்டை நாடுகளின் சின்னங்களுக்கும் இம்முறை பொருந்தும். பாகிஸ்தான் விமானப்படை ‘ராயல்’ அடைமொழியை 1956-இல் விட்டது. 1951-இல் தோன்றிய ராயல் சிலோன் விமானப்படை, 1972-இல் இலங்கை விமானப்படை ஆயிற்று.

பின்புறத்தைத் திருப்புங்கள்

முகத்தைவிட முதுகே அதிகம் பேசும் என்பது எங்கள் அனுபவம். தொழிற்சாலையில் செய்த பித்தளைச் சின்னங்கள் பெரும்பாலும், மெல்லிய தகட்டை எஃகு அச்சில் வைத்து அடித்து உருவாக்கியவை. முன்புறம் மேடாக இருக்கும் இடம் பின்புறம் பள்ளமாக இருக்கும். விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து மண் அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றிய வார்ப்பிலோ, பின்புறம் தட்டையாகவும், ஊசி குத்தியதுபோல் சிறு துளைகளோடும், சொரசொரப்பாகவும் இருக்கும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும்.

உருக்கிய பித்தளை ஆறும்போது சுருங்கும். எனவே அசலை அச்சாக்கி வார்த்த நகல், அசலைவிட நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சிறிதாக வரும். எழுபது மில்லிமீட்டர் அகலமுள்ள சிறகில் இது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டை இயற்பியல் ஆய்வகத்தின் வெர்னியர் அளவி பிடித்துவிடும். ‘இதை ஏன் படிக்கிறோம்’ என்று முணுமுணுத்த கருவி அது!

ஆனாலும் வார்ப்பு என்றவுடன் போலி என்று தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. போர்க் காலத்தில் சின்னங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவிலேயே கைவினைஞர்கள் வார்த்துக் கொடுத்தவையும் உண்டு. அவை கரடுமுரடாக இருந்தாலும் அசல்தான். பித்தளையை மிச்சப்படுத்தப் பிரிட்டனில் பிளாஸ்டிக்கிலும் தொப்பிச் சின்னங்கள் செய்தார்கள். பிளாஸ்டிக் என்பதாலேயே தூக்கி எறிந்தால் 1940-களின் அரிய பொருளை இழந்துவிடுவோம். மாறாக, பொன்வண்ணம் ஏற்றிய இலேசான அலுமினியச் சின்னங்கள் 1950-களில்தான் பரவின. அத்தகைய ஒன்றை முதல் உலகப் போர்ப் பொருள் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

காந்தத்தையும் மறக்க வேண்டாம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. மாமாவின் சிறகு ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பின் மேல் மஞ்சள் முலாம்!

வெள்ளியில் செய்த சிறகு புரூச்சுகளை விமானிகள் தம் தாய்க்கோ மனைவிக்கோ கொடுப்பதும் உண்டு. பிரிட்டிஷ் வெள்ளியாயின் அதில் பொடி முத்திரைகள் இருக்கலாம். நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தையும், நங்கூரம் பர்மிங்காம் நகரையும் குறிக்கும். உடன் உள்ள ஓரெழுத்து எந்த ஆண்டு என்பதையே சொல்லிவிடும்.

துணியும் தேய்மானமும்

விமானிகளின் மார்புச் சிறகு பெரும்பாலும் துணியில் பட்டு நூலால் தைத்தது. அதன் வயதை அறியக் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு உதவும். துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிரூட்டும் வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலாயின. அவை இந்த விளக்கொளியில் நீலமாக ஒளிரும். மளிகைக் கடை விளக்கில் எங்கள் சீருடைச் சட்டையின் கையை நீட்டினோம், பளீரென்று ஒளிர்ந்தது. ஆயாவின் பெட்டியில் பல்லாண்டாக மடித்து வைத்திருந்த பழைய வேட்டி மங்கியே இருந்தது. ஆனால் பழைய துணியை இக்காலச் சலவைத்தூளில் துவைத்தாலும் ஒளிரும் என்பதை மறக்கலாகாது.

தேய்மானமும் ஒரு சாட்சி. நாள்தோறும் துடைத்து அணிந்த சின்னத்தில் மேடான இடங்களே தேயும். பள்ளங்களில் பழைய மெருகுப் பசை வெள்ளையாகத் தங்கியிருக்கும். எங்கள் சிற்றாலயத்துப் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை உற்றுப் பாருங்கள். கை படும் இடமும் படாத இடமும் தனித்தனியே தெரியும். போலியிலோ மேடும் பள்ளமும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். அது காலம் பூசிய கறுப்பன்று; மருந்து பூசிய கறுப்பு.

ஆயாவின் சிங்கச் சின்னத்தில் சிங்கங்களின் மூக்கு ஏறக்குறைய மறைந்திருந்தது. காரணம் கேட்டோம். ஆண்டுதோறும் பொங்கலுக்குப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பார்களாம்! தோழியரே, வீட்டில் பழைய சின்னம் இருந்தால் தயவுசெய்து புளியும் சாம்பலும் போடாதீர்கள். உலர்ந்த மென்துணியே போதும்.

தாள் சொன்ன உண்மை

இப்போது எங்கள் மனத்தில் ஒரு பாரம் ஏறியது. சிங்கச் சின்னம் அசல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அது 1950 ஜனவரி 26-க்கு முந்தியதாக இருக்க முடியாது. பர்மாப் போரோ 1945-இலேயே முடிந்துவிட்டது. அப்படியானால் ஆயா இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தது?

பொருள் மட்டும் போதாது, தாளும் வேண்டும் என்றார் சிஸ்டர். ஆயாவின் டிரங்குப் பெட்டியில் தேடியபோது, அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே அவர் தகப்பனாரின் பணிவிடுப்புச் சான்று கிடைத்தது. படையில் சேர்ந்தது 1946. வேலை, இன்ஜின் பிட்டர். விடுப்புப் பெற்றது 1955. மகுடச் சின்னம் முதல் நான்கு ஆண்டுகளுக்கும், சிங்கச் சின்னம் பின் ஐந்து ஆண்டுகளுக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்தின. பர்மாக் கதை மட்டும் எதிலும் பொருந்தவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நாங்கள் மூவரும் தயங்கினோம். அட்டையில் ‘பர்மாப் போர்’ என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கடைக்காரர் மாமாவிடம் சொன்னதற்கும், நாங்கள் எழுதப் போவதற்கும் அப்போது என்ன வேறுபாடு? கடைசியில் ஆயாவிடமே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம்.

ஆயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ரங்கூன்லேருந்து காட்டு வழியா நடந்து வந்தாருன்னு எங்கம்மா சொன்னது யாரு?” என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். சற்று நேரம் கழித்து அவரே, “அது எங்க பெரியப்பா, கண்ணுங்களா! அரிசி ஆலைக்குக் கூலி வேலைக்குப் போனவரு. காலெல்லாம் புண்ணாகி வந்து சேர்ந்தாராம். நாந்தான் ரெண்டு பேர் கதையையும் ஒண்ணாக்கிட்டேன் போல” என்றார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அந்த ஆண்டில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் மிகப் பலர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் இறந்தவர்களும் ஏராளம். அந்தப் பெரியப்பாவுக்குச் சின்னமும் இல்லை, சான்றும் இல்லை. எனவே அவர் கதை தம்பியின் சின்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

“எங்கப்பா கையில எப்பவும் எண்ணெய் வாசனைதான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வாரு. அதை எழுதுங்க” என்று சிரித்தார் ஆயா.

வீட்டில் பழைய சின்னம் இருந்தால்

1. மகுடமா, சிங்கமா என்று முதலில் பாருங்கள். மகுடமாயின் அதன் நடுவில் பள்ளம் உள்ளதா என்று கவனியுங்கள்.

2. எழுத்தைப் படித்து, அந்தப் பெயர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வழங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மகுடமும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும்.

3. பின்புறம், காது, காந்தம், அளவு ஆகியவற்றைச் சோதியுங்கள். ஒரே சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

4. சான்று, கடிதம், புகைப்படம் எதுவாயினும் சின்னத்தோடு சேர்த்தே வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அன்றே எழுதி வையுங்கள்.

5. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக நூறு ஆண்டு நிறைந்த வரலாற்றுப் பொருளே தொல்பொருள். முதல் உலகப் போர்க் காலத்தவை அந்த வயதைக் கடந்துவிட்டன.

6. டெல்லி செல்வோர் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தையும், சண்டிகர் செல்வோர் 2023-இல் திறக்கப்பட்ட விமானப்படைப் பாரம்பரிய மையத்தையும் காணலாம்.

கண்காட்சியில் எங்கள் மேசையில் நான்கு அட்டைகள் இருந்தன. “ராயல் இந்திய விமானப்படை, 1946–1950. இன்ஜின் பிட்டர் ஒருவர் அணிந்தது” என்பது முதலாவது. “இந்திய விமானப்படை, 1950–1955. அதே மனிதர் அணிந்தது” என்பது இரண்டாவது. மூன்றாவதில் ‘போலி’ என்று எழுதி, அதற்கான காரணங்களையும் வரிசையாகக் குறித்திருந்தோம். முதலில் முகம் சுளித்த மாமா, அன்று பகல் முழுவதும் அந்த அட்டையின் அருகே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் காந்தத்தை ஒட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்! நான்காவது அட்டைக்கு முன் பொருள் எதுவும் இல்லை. “1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வீடு வந்தவர். சின்னம் இல்லை” என்று மட்டும் எழுதியிருந்தோம்.

கண்காட்சி பார்க்க வந்த ஆயா, மற்ற மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த நான்காவது அட்டையின் முன்தான் நெடுநேரம் நின்றார். உண்மையைத் தேடிப் போனால் ஏதோ ஒன்றை இழந்துவிடுவோம் என்று அஞ்சினோம். இழந்தது ஒரு கதை. திரும்பக் கிடைத்தவரோ ஒரு மனிதர்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு